உழவனேந்தலா, உளவனேந்தலா? ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் மூன்று மாதம்

எங்கள் கிறிஸ்தவப் பங்கில் தாய்க்கோவிலைச் சேர்த்து 14 ஊர். கோவில் சார்பில் புதுக் குடும்ப அட்டை அடிக்கலாம் என்று உட்கார்ந்தால், ஊர்ப்பெயரை எப்படி எழுதுவது என்பதிலேயே பங்குப் பேரவைக் கூட்டம் முடிந்துபோனது. பஸ் போர்டில் 'உழவனேந்தல்', ரேஷன் கார்டில் 'உளவனேந்தல்', ஞானஸ்நானப் பதிவேட்டில் 'ஒளவநேந்தல்'. எங்கள் பக்கத்து நாக்குக்கு ழ வராது. உபதேசியார் காதில் விழுந்ததை எழுதிவிட்டார். உழுதவன் உளவாளி ஆகிவிட்டான்.

இதையெல்லாம் ஓரிடத்தில் பதிந்து வைக்க நான் எடுத்துக்கொண்டது ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடம். 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கியது, யாரும் திருத்தலாம், காசு கிடையாது. கணக்கு ஒன்று திறந்தால் பிரவுசரிலேயே வேலை நடக்கும்.

ஒரு ஊருக்கு ஒரு பெயர்தான் என்று அது அடம்பிடிப்பதில்லை. அதற்காகவே நான்கு நட்சத்திரம். பெயர்க் கட்டத்துக்குப் பக்கத்துக் கூட்டல் குறியை அழுத்தினால் தமிழுக்குத் தனிக் கட்டம் வரும். மாற்று எழுத்துக்கு 'ஆல்ட் நேம்', பழைய பெயருக்கு 'ஓல்டு நேம்', ஊர்வாய்ப் பெயருக்கு 'லோக் நேம்'. இரண்டு மூன்று இருந்தால் அரைப்புள்ளி போட்டு அடுக்கலாம். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றிய அரசாணை வந்த வேகத்தில் திரும்பப் போனதே, அந்தச் சண்டைக்கே இங்கே இடமில்லை.

செயற்கைக்கோள் படத்தில் கண்மாய்க்கரை பளிச்சென்று தெரிகிறது. மடைகளின் பெயர்தான் எந்தக் காகிதத்திலும் இல்லை. கரையோர வீட்டு அப்பத்தாவிடம் கேட்டேன், மிகுதித் தண்ணீர் வழியும் கலுங்குக்குப் பக்கத்து மடை குமிழிமடைதானே என்று.

"அது குருசடி மடைய்யா. அங்கன ஒரு குருசு நின்னுச்சு. தனுஷ்கோடிப் புயல்ல சாஞ்சிருச்சு."

1964-ல் சாய்ந்த குருசின் பெயரில் இன்னும் தண்ணீர் பாய்கிறது. அன்று சாயங்காலமே ஏற்றிவிட்டேன்.

குறையும் உண்டு. அவர்களுடைய வழக்கமான வரைபடத்தில் பொதுப் பெயர்க் கட்டத்தில் உள்ளதுதான் தெரியும். அதில் ஆங்கிலம் இருந்தால், தமிழ் உள்ளே ஒளிந்தே கிடக்கும். பிரவுசரில் திருத்த நெட் வேண்டும், கண்மாய்க்கரையில் அது ஏது? 40 பக்க நோட்டுதான் கதி. வேறு கம்பெனி வரைபடத்தைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது என்பது விதி, அது நியாயம்தான். ஒருமுறை யாரோ ஒருவர் ழ-வை ள ஆக்கிவிட்டார். திருத்த வரலாற்றில் அவர் கணக்கு தெரிந்தது, அவருடைய திருத்தத்தின் கீழேயே பஸ் போர்டைச் சொல்லி எழுதினேன், மறுநாள் அவரே பழையபடி மாற்றிக்கொடுத்தார்.

குடும்ப அட்டை போன ஞாயிறு வந்தது, 'உழவனேந்தல்' என்று அச்சாகி. அப்பத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டிச் சத்தமாகவே வாசித்தார்: "உளவனேந்தல்."