டி.என்.எஸ். படிக்கலாமா, பி.எஸ்சி. நாட்டிகல் சயின்ஸ் படிக்கலாமா?

பிளஸ் டூ முடித்து, கப்பலில் டெக் ஆபீசர் (கப்பலைச் செலுத்தும் அதிகாரி) ஆக ஆசைப்படும் பிள்ளைகள், டி.என்.எஸ். (டிப்ளமோ இன் நாட்டிகல் சயின்ஸ்), பி.எஸ்சி. நாட்டிகல் சயின்ஸ் பட்டம் என்ற இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தவிக்கிறார்கள். இரண்டுக்கும் ஐ.எம்.யூ. செட் (இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் பொது நுழைவுத் தேர்வு) உண்டு, நிறக்குருடு இருந்தால் இரண்டும் கிடையாது.

காலம்:
டி.என்.எஸ். – கல்லூரியில் 1 வருடம், கடலில் 18 மாதம்.
பி.எஸ்சி. – கல்லூரியில் 3 வருடம், கடலில் 12 மாதம்.
அப்புறம் இருவருக்கும் ஒரே செகண்ட் மேட் தேர்வுதான் (டெக் ஆபீசராக வேலை பார்க்கத் தேவையான தகுதித் தேர்வு).

செலவு: டி.என்.எஸ்.ஸில் ஒரு வருடக் கட்டணம் மொத்தமாக வந்து விழும். பி.எஸ்சி.யில் அது மூன்று வருடமாகப் பிரியும், ஆனால் விடுதி, சாப்பாடு எல்லாம் கூடவே நீளும்.

கப்பலில் இடம்: உண்மையான சிக்கல் இதுதான். படிப்பு முடித்தவர்கள் நிறைய, பயிற்சிக்கு ஏற்றிக்கொள்ளும் கப்பல்கள் குறைவு. டி.என்.எஸ்.ஸுக்குப் பெரும்பாலும் ஒரு கப்பல் கம்பெனியின் ஸ்பான்சர்ஷிப்போடு (படிப்பு முடிந்ததும் பயிற்சிக்குக் கப்பலில் ஏற்றிக்கொள்வதாகக் கம்பெனி முன்பே தரும் உறுதி) சேர்வதால் கப்பல் கிடைக்க வழி இருக்கிறது, பி.எஸ்சி. முடித்துவிட்டு ஸ்பான்சர் இல்லாமல் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கனக்கிறது, அந்த நேரம் பார்த்துத்தான் ஏஜெண்டுகள் லட்சக்கணக்கில் கேட்பார்கள். வேலைக்காகக் கடலோடியிடம் பணம் வாங்குவதே சட்டவிரோதம், கொடுக்காதீர்கள்.

கடல் ஒத்துவராவிட்டால்: பி.எஸ்சி. பட்டம் கையில் இருக்கும், கரையில் வேறு வேலைக்கோ மேற்படிப்புக்கோ போகலாம். வெறும் டிப்ளமோவோடு அது கஷ்டம்.

நல்ல கம்பெனியின் ஸ்பான்சர்ஷிப் கிடைத்துவிட்டால் யோசிக்காமல் டி.என்.எஸ். எடுங்கள். அது இல்லை, கடல் பிடிக்குமா என்றும் சந்தேகம் என்றால் பி.எஸ்சி. சரி. எதுவானாலும் கல்லூரிக்கு டி.ஜி. ஷிப்பிங் (மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.