கவுன் தைக்க ஒரு மெஷின், கேக் சுட ஒரு ஓடிஜி

பிள்ளைங்க பிறந்தநாளுக்குக் கவுனும் கேக்கும் வீட்டிலேயே பண்ணணும்னு நினைக்கிறவங்களுக்காக இதை எழுதுறேன். காசு மிச்சமாகும்னு நினைச்சு வந்தவங்க இதோட நிறுத்திக்கலாம். ஆடித் தள்ளுபடியில ஒரு ரெடிமேட் பார்ட்டி கவுன் என்ன விலைக்கு வருதோ, அந்தக் காசுக்கு நெட் துணியும் லைனிங்கும் ஜிப்பும்தான் வாங்க முடியும். கேக்கும் அதே கதைதான். அப்புறம் எதுக்கு இந்த வேலைன்னு கேட்டா, என் பொண்ணு சொல்ற ஒரே புகார்தான் காரணம்: "அப்பா, குத்துதுப்பா."

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியோட சாம்பிள் செக்‌ஷன்ல இருக்கேன். பகல் முழுக்கப் பவர் மெஷின் சத்தம்தான். அந்தக் கண்ணோடதான் இந்த வீட்டு மெஷினைப் பார்க்கிறேன், அதனால கொஞ்சம் கறாராவே இருக்கும். நான் வாங்கினது கால்ல அழுத்துற பெடல் வெச்ச, கைக்கு அடக்கமான ஜிக்ஜாக் மெஷின். 12,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல ஆச்சு. உஷா ஜனோம், சிங்கர், பிரதர்னு எல்லாருமே இந்த ரகத்துல போடறாங்க. நான் எதை வாங்கினேன்னு சொல்லல, சொல்லப்போற குறைகள் பெரும்பாலும் இந்த ரகத்துக்கே உள்ளது.

கம்பெனியில நேர்த்தையல் போடுற பவர் மெஷின் நிமிஷத்துக்கு 5,000 தையல் வரைக்கும் ஓடும். இது 1,000-ஐத் தொடறதே பெருசு. முதல்ல உட்கார்ந்தப்போ மாட்டுவண்டியில ஏறின மாதிரிதான் இருந்துச்சு. ஆனா குழந்தை கவுன்ல நீளமான தையல் எங்கே இருக்கு? கழுத்து, கைக்குழி, தோள்பட்டைன்னு எல்லாமே வளைவு, எல்லாமே ஒரு சாண். வேகம் அங்கே உபத்திரவம்தான். முன்னாடி இருக்கிற பெட்டியைக் கழட்டினா மெஷினோட கை மட்டும் தனியா நிற்கும், குட்டிக் கையைச் சுத்தி மாட்டித் தைக்கலாம். கம்பெனி டேபிள் மெஷின்ல இந்த வசதி எனக்குக் கிடையாது.

இப்போ அந்தக் குத்துற விஷயம். ரெடிமேட் கவுனைத் திருப்பிப் போட்டு இடுப்பைப் பாருங்க. பாவாடைப் பக்கத்துல நெட் மூணு அடுக்கு சுருக்கி வெச்சிருப்பாங்க, மேல சாட்டின், உள்ளே லைனிங், எல்லாத்தையும் ஒரே தையல்ல பிடிச்சு ஓவர்லாக் அடிச்சு விட்டிருப்பாங்க. வெட்டின நெட்டோட ஓரம் நைலான் முள்ளு மாதிரி நேரா வயித்துல படும். மேல எவ்வளவு ஜிகினா இருந்தாலும் கேக் வெட்டறதுக்குள்ள குழந்தை நெளியும், போட்டோ எடுத்ததும் கழட்டிடும். கம்பெனிக்காரங்களைக் குறை சொல்ல முடியாது, ஒரு பீஸுக்கு இத்தனை நிமிஷம்னு கணக்கு போட்டுத்தான் ஓட்டுவாங்க, உள்பக்கத்துக்கு யாரும் காசு தர மாட்டாங்க.

வீட்டுல தைக்கும்போது அந்த நிமிஷம் நம்ம கையில. மேல்பாகத்தை லைனிங்கோட ரெட்டையா தைச்சுக்கணும். பாவாடையை மேல்துணியோட மட்டும் சேர்த்துட்டு, லைனிங்கோட கீழ் ஓரத்தை அரை இஞ்ச் உள்ளே மடிச்சு, அந்தத் தையல் மேல மூடிக் கையால எம்மிங் பண்ணிடணும். நெட் ஓரம் முழுக்க ரெண்டு துணிக்கு நடுவுல போயிடும். அதுக்கும் மேல, நான் கட்டிங் டேபிள்ல மிஞ்சுற பனியன் துணியை ஒன்றரை இஞ்ச் பட்டியா வெட்டி, சுருக்கு ஓரத்தைச் சுத்தி முதல்ல பைண்டிங் போட்டுடுவேன். சலவை பண்ணப் பண்ண இன்னும் மெத்துன்னு ஆகுற துணி அது. இந்த ஊர்ல இருந்துட்டு அதைக் காசு கொடுத்து வாங்கினா சிரிப்பாங்க. மத்த ஊர்க்காரங்க பழைய டி-ஷர்ட்டை வெட்டிக்கலாம்.

சுருக்குக்கு மெஷின் நல்லாவே ஒத்துழைக்குது. தையல் நீளத்தை 4-ல வெச்சு, மேல் நூலோட டென்ஷனை, அதாவது இறுக்கத்தை, தளர்த்தி, கால் இஞ்ச் இடைவெளியில ரெண்டு வரி ஓட்டிட்டு அடியில இருக்கிற பாபின் நூலை இழுத்தா போதும். நெட்டுக்கு இடுப்பு அளவைப் போல மூணு மடங்கு வேணும். 22 இஞ்ச் இடுப்புக்கு 66 இஞ்ச். ரெண்டு மடங்குல நிறுத்தினா புசுபுசுன்னு நிக்காது, தொங்கும்.

குறைகளுக்கு வரேன். மெல்லிசு நெட்டைத் தைக்க ஆரம்பிச்சதும் ஊசி அதைத் தட்டுல இருக்கிற ஓட்டைக்குள்ளே இழுத்துக்கும். ஜிக்ஜாக் மெஷின்ல அந்த ஓட்டை அகலமா இருக்கும், ஊசி ரெண்டு பக்கமும் ஆடணுமே. அடியில நியூஸ்பேப்பர் துண்டு வெச்சு தைச்சுட்டு அப்புறம் கிழிச்சுடறதுதான் வழி. காஜா, அதாவது பட்டன் ஓட்டை, நாலு ஸ்டெப்ல எடுக்கும்னு டப்பாவுல பெருமையா போட்டிருக்கு. ஒத்தைத் துணியில அழகா வருது, காலர் மாதிரி கனம் வந்தா ஒரே இடத்துல நின்னு நூலைக் குவிக்குது. நாலைஞ்சு பட்டனுக்கு அந்த அவஸ்தை வேண்டாம்னு தெருமுனைக் காஜா கடையில கொடுத்துடறேன். அப்புறம், மெஷின் எடை கம்மி. வேகமா மிதிச்சா டேபிள்ல நடக்க ஆரம்பிக்குது, அடியில ஒரு ரப்பர் மேட் போட்டே ஆகணும்.

டெமோ காட்ட வந்த பையன் பூப்போட்ட தையல் எல்லாத்தையும் ஓட்டிக் காட்டினான். டென்ஷனை எப்படிப் பார்க்கிறதுன்னு கேட்டா ஆபீஸ் நம்பர் கொடுக்கிறான். ஊசியைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லலை. வீட்டு மெஷின் ஊசித் தலையில ஒரு பக்கம் தட்டையா இருக்கும், கம்பெனி ஊசித் தலை முழுக்க உருண்டை. ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திப் போட முடியாது. பனியன் துணி தைக்கணும்னா முனை உருண்டையான பால்பாயிண்ட் ஊசி, 11 நம்பர், தனியா வாங்கி வெச்சுக்கங்க. சாதா ஊசியில பனியன் துணி தைச்சா தையல் விட்டு விட்டுப் போகும், பாவம் மெஷினைத் திட்டுவீங்க. துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட் 32 ஒரே செட்னு ஆன்லைன்ல விற்கிறதை வாங்காதீங்க, ஜிப் ஃபுட்டைத் தவிர மத்ததெல்லாம் டப்பாவுலதான் தூங்கும்.

இனி ஓடிஜி, அதாவது கேக் சுடற சின்ன கரண்ட் அடுப்பு. நான் வாங்கினது 28 லிட்டர். பக்கத்து வீட்டுல இருக்கிற சின்ன சைஸைப் பார்த்துட்டுத்தான் பெருசா வாங்கினேன். சின்னதுல கேக் உப்பி மேல வரும்போது மேல் ராடுக்குப் பக்கத்துல போய் உச்சி கருகிடும்.

இதுல பெரிய பொய் சொல்றது டயல்தான். நான் தனியா ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே நிறுத்திப் பார்த்தேன். டயல்ல 180 வெச்சா உள்ளே 205 காட்டுது. சூடு அதிகமானா கேக்கோட ஓரமும் மேல்பக்கமும் சீக்கிரம் கெட்டியாயிடும், நடுவுல மாவு அப்புறமா உப்பி, கெட்டியான மேல்பக்கத்தை உடைச்சுக்கிட்டு எரிமலை மாதிரி வெளியே வரும். நிறைய பேர் சோடா அதிகமாயிடுச்சுன்னு நினைச்சு ரெசிபியை மாத்திக்கிட்டே இருப்பாங்க. சில நூறு ரூபாய் தெர்மாமீட்டர் அந்தச் சண்டையை முடிச்சு வெச்சிடும். கூட வர்ற கம்பி, கோழி சுத்துற குச்சி எல்லாம் பரண்ல கிடக்கு.

எங்க மாமியார் முட்டை தொட மாட்டாங்க, அதனால தயிர் கேக்தான். தயிர் ஒரு கப், சர்க்கரை முக்கால் கப், எண்ணெய் அரை கப், மைதா ஒன்றரை கப், பேக்கிங் பவுடர் ஒண்ணே கால் டீஸ்பூன், சோடா அரை டீஸ்பூன், வெனிலா. தயிர்ப் புளிப்புல சோடா பட்ட உடனே நுரைக்க ஆரம்பிச்சுடும், அதனால மாவு கலக்கறதுக்கு முன்னாடியே ஓடிஜி சூடா தயாரா இருக்கணும். ஏழு இஞ்ச் டின்ல 35 நிமிஷத்துக்கு அப்புறம் தென்னங்குச்சி குத்திப் பாருங்க. பையனுக்கு இதே மாவை பிரெட் டின்ல ஊத்தி மினி பஸ் பண்ணினேன். சக்கரத்துக்கு கிரீம் பிஸ்கட், ஹெட்லைட்டுக்கு ஜெம்ஸ். போர்டுல ஊர் பேர் எழுதறதுக்குள்ள கிரீம் இளகிடுச்சு, அவன் அதைக் கண்டுக்கவே இல்லை. டிரைவர் எங்கேன்னுதான் கேட்டான்.

சித்திரை மாசத்துல பிறந்தநாள் வர்ற வீட்டுக்காரங்க கிரீமை நினைச்சுப் பயப்படத்தான் வேணும். பட்டர் கிரீம் எங்க ஊர் வெயிலுக்கு நிக்காது. பேக்கரிக்காரங்க பயன்படுத்துற, பால் சேராத விப்பிங் கிரீம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஃப்ரீசர்ல இருந்து எடுத்த உடனே அடிக்கக் கூடாது. முந்தின நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல வெச்சு இளக விட்டுட்டு, சில்லுனு இருக்கிற எவர்சில்வர் பாத்திரத்துல அடிக்கணும்.

கடைசியா கரண்ட். இந்த சைஸ் ஓடிஜி பெரும்பாலும் 1,500 வாட்ஸுக்குக் குறையாது. சாதாரண 6 ஆம்ப் பிளக்குக்கு அது தாங்காது, 16 ஆம்ப் பவர் பாயிண்ட் வேணும். எங்க சமையல்கட்டுல அப்படி ஒண்ணுதான் இருக்கு, அதுல கிரைண்டர். கேக் வேகுற நேரத்துல மாவாட்ட முடியாது, மாவாட்டுற நேரத்துல கேக் வேகாது. ஓடிஜி வாங்கறதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இன்னொரு பாயிண்ட் போட்டுக்கங்க, இல்லைன்னா பிறந்தநாளுக்கு முந்தின நாள் இட்லி மாவு கடையிலதான்.