பருத்தித்துறை – திருகோணமலை பாய்ப்படகுப் பயணம்: காசு கட்டமுன் இதைப் படியுங்கள்

பருத்தித்துறையிலிருந்து திருகோணமலைக்கு ஓர் இரவுப் பாய்ப்படகுப் பயணம் என்று சொல்லி ஆள் சேர்க்கிறார்கள். போன ஆடி மாதம் நண்பர்கள் ஆறு பேராகக் காசு கட்டிப் போய் மாட்டுப்பட்டோம். இனி ஒருவரும் மாட்டுப்படக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஏற்பாடு செய்தவர் நன்றாகக் கதைத்தார். பின்னேரம் ஆறு மணிக்குப் பாய் விரித்தால் விடிய ஆறு மணிக்குக் கோணேசர் மலையைப் பார்க்கலாம் என்றார். கனடாவிலிருந்து வந்திருந்த நண்பன் தயங்கினான். "வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி 1938இல் அமெரிக்காவுக்கே போய்ச் சேர்ந்தது தம்பி, உங்களுக்குத் திருகோணமலை தூரமோ?" என்று கேட்டார். என் அம்மாவின் ஊர் வல்வெட்டித்துறை. அந்தக் கப்பலின் பெயரைக் கேட்டதும் எனக்கு மனம் இளகிவிட்டது. தலைக்கு முப்பதாயிரம் ரூபா, முழுக்காசையும் முதலே கொடுத்தோம்.

அன்றைக்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டிருந்தால் போதும். முல்லைத்தீவுக் கரையைச் சுற்றித் திருகோணமலைக்கு ஏறக்குறைய 100 கடல் மைல். அந்த 26 அடிப் படகு நல்ல காற்றிலேயே மணிக்கு ஐந்து கடல் மைல்தான் ஓடும். ஆக இருபது மணி நேரம். இது படகு வைத்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்காது.

கரையை விட்ட பிறகுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. படகை ஓட்டும் தண்டையலோடு ஏழு பேர், உயிர்காப்பு அங்கி நான்கு. அதிலும் இரண்டு சின்னப்பிள்ளைகளின் அளவு. அவசரத்துக்குக் கூப்பிடும் 16ஆம் சனலை ரேடியோவில் போட்டுக் காட்டச் சொன்னோம். பற்றறி இறங்கிப்போய்க் கிடந்தது. விளக்குகளுக்கும் அதே பற்றறிதான்.

சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, கரைப்பக்கமிருந்து வீசியதால் கடல் மட்டமாக இருந்தது. முதல் மூன்று மணி நேரம் அழகாகத்தான் போனது, அதை மறைக்க மாட்டேன். எஞ்சின் சத்தம் இல்லை, தண்ணீர் படகில் உரசுகிற சத்தம் மட்டும். பத்து மணியளவில் விளக்கு அணைந்தது. பாயில் ஓடும் படகு இரவில் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை காட்ட வேண்டும் என்பது உலகம் முழுவதற்கும் உள்ள கடல் விதி. எங்களிடம் போன் வெளிச்சம்தான் மிச்சம்.

இரவு ஒரு மணி தாண்டியிருக்கும். பைபர் போட் ஒன்று நேரே எங்களை நோக்கி வந்தது. ஆறு போனையும் பாயின் மேல் அடித்துக்கொண்டு கத்தினோம். வெள்ளைப் பாய் வெளிச்சத்தில் தெரிந்திருக்க வேண்டும், கடைசி நேரத்தில் வெட்டித் திருப்பினார்கள். "லைற் இல்லாமல் ஏனடா கடலுக்கு வாறீங்கள்?" என்று ஒருவர் கத்தியது இன்னும் காதில் நிற்கிறது. அவர் கேட்டதில் என்ன பிழை? அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்.

பிறகு காற்று விழுந்தது. எஞ்சினுக்கு எண்ணெய் ஒரு மணி நேரத்துக்குக்கூடக் காணவில்லை. விடியும்போது தெரிந்த கரை முல்லைத்தீவு, பாதித் தூரம். மீன்பிடிக்காரர் கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள், எண்ணெய்க்காசுக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார்கள். அங்கே கடற்படை விசாரித்தபோதுதான், எங்களுக்குக் காட்டிய அனுமதித் தாள் வேறு ஒரு நாளுக்கு உரியது என்பதும் தெரிந்தது. அரை நாள் அங்கேயே போய்விட்டது. பிறகு பஸ்ஸில் யாழ்ப்பாணம்.

காசைத் திருப்பிக் கேட்டால், "காற்று என் கையிலா?" என்கிறார். காற்றைப் பற்றி யார் கேட்டது? பற்றறி, அங்கி, எண்ணெய், அனுமதி எல்லாம் அவர் கையில்தான் இருந்தன. இப்போது போனையே எடுப்பதில்லை.

அதே படகின் படத்தைப் போட்டுத் திரும்பவும் ஆள் சேர்க்கிறார்கள். போகத்தான் வேண்டுமென்றால் முதல்நாள் இரவே இறங்குதுறைக்குப் போய் விளக்கை எரியவிட்டுப் பாருங்கள். ரேடியோவில் யாராவது பதில் சொல்லட்டும். அங்கியை ஒவ்வொருவரும் போட்டுப் பாருங்கள். அனுமதித் தாளில் உங்கள் திகதி இருக்கிறதா என்று வாசியுங்கள். அதுவரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.