சுங்கை சிப்புட்டில் நான்கு சனிக்கிழமைகள்: 'அரசனும் உடன்படிக்கையும்' வகுப்பு

பண்டைய இஸ்ரவேலில் அரசரும் மக்களும் செய்துகொண்ட உடன்படிக்கைகளைப் பற்றி மலேசியாவிலுள்ள எங்களூர்க் கடைவீதியின் மாடியறை ஒன்றில் நான்கு சனிக்கிழமை மாலைகள் நடந்த வகுப்பில், நாற்பது வெள்ளி (ரிங்கிட்) கட்டிச் சேர்ந்தேன். சிறுவயது முதல் வேதாகமம் வாசித்தும் உடன்படிக்கை என்பதை வழிபாட்டுச் சொல்லாக மட்டுமே எண்ணியிருந்த எனக்கு, ஆட்சியுரிமையே அதன்மேல் நின்றது என்பதை இவ்வகுப்புதான் விளங்க வைத்தது.

முதல் மாலை, தாவீது இஸ்ரவேலின் அரசனாக்கப்பட்ட எப்ரோன் நகரத்தோடு தொடங்கியது. மூப்பர்கள் வந்தார்கள், தாவீது கர்த்தருக்கு முன்பாக அவர்களோடு உடன்படிக்கை செய்தான், அதன் பிறகே அபிஷேகம் நடந்தது. இந்த வரிசையை ஆசிரியர் பொறுமையாக எடுத்துக்காட்டினார்.

வகுப்பின் உச்சம் இரண்டாம் மாலை: சாலொமோனின் மகன் ரெகொபெயாமை அரசனாக்க மக்கள் கூடிய சீகேம் நகரம். சாலொமோன் 30,000 அமஞ்சி ஆட்களைப் பிடித்து, மாதம் 10,000 பேராக லீபனோனுக்கு அனுப்பினான் என்று தமிழ் வேதாகமம் சொல்கிறது. அமஞ்சி என்றால் கூலியில்லாக் கட்டாய வேலை என்று ஆசிரியர் விளக்கியபோது, தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்றவர்கள் நிறைந்த அந்த அறை அமைதியானது. நுகத்தை இலகுவாக்கினால் உமக்குச் சேவிப்போம் என்று ரெகொபெயாமிடம் மக்கள் கேட்டதும், அவன் மூன்று நாள் தவணை வாங்கி, முதியோரின் ஆலோசனையைத் தள்ளிக் கடுமையாகப் பதில் சொன்னதும், அந்த ஆட்களுக்கு விசாரிப்புக்காரனாக இருந்தவனையே அனுப்பி அவன் கல்லெறியுண்டு செத்ததும் விரிவாகப் பேசப்பட்டன. "ஐயா, முதலில் வாயால்தானே கேட்டார்கள்?" என்றார் ஒரு பெரியவர். அந்த அதிகாரத்தில் உடன்படிக்கை என்ற சொல்லே இல்லை என்பதையும் ஆசிரியர் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

மூன்றாம் மாலை, யூதாவின் அரசனான ஏழு வயது யோவாசின் முடிசூட்டு. ஆசாரியன் யோய்தா நூறுபேருக்கு அதிபதிகளான படைத்தலைவர்களை ஆலயத்தில் ஆணையிடச் செய்த பின்னரே இளவரசனைக் காட்டினான். பிறகு கர்த்தருக்கும் ராஜாவுக்கும் ஜனங்களுக்கும் ஓர் உடன்படிக்கையும், ராஜாவுக்கும் ஜனங்களுக்கும் நடுவே தனியாக இன்னொன்றும் செய்யப்பட்டன. அந்த இரண்டாவது உடன்படிக்கையில் மக்கள் வெறும் சாட்சிகளாக நிற்காமல் ஒரு தரப்பாகவே நின்றார்கள் என்ற விளக்கத்துக்காக மட்டுமே நாற்பது வெள்ளியும் தகும்.

கடைசி மாலைதான் குறை. கி.மு. 672இல் அசீரிய அரசன் எசரத்தோன் தன் வாரிசுக்கு உண்மையாயிருப்போம் என்று கீழ்ப்பட்டவர்களிடம் வாங்கிய சத்தியங்களையும், அவற்றின் சாபங்களுக்கும் உபாகமம் 28ஆம் அதிகாரத்துக்கும் உள்ள ஒற்றுமையையும் சொல்வதிலேயே நேரம் கழிந்தது. எபிரெயத்தில் உடன்படிக்கையை 'வெட்டுவது' என்றே சொல்வார்கள். அதற்குக் கண்கண்ட காட்சி எரேமியா 34இல் இருக்கிறது. யூதாவின் கடைசி அரசன் சிதேக்கியாவின் காலத்தில் எருசலேமின் தலைவர்கள் கன்றை இரண்டாகத் துண்டித்து, துண்டங்களின் நடுவே நடந்து, அடிமைகளை விடுதலை செய்வதாக வாக்களித்தார்கள். விட்டவர்களையே திரும்பப் பிடித்து அடிமையாக்கினார்கள். கூலிக்காரனின் உயிரைத் தொடும் இந்தப் பகுதி ஐந்தே நிமிடத்தில் கடந்துபோனது எனக்கு உண்மையிலேயே வருத்தம். குறிப்புத்தாள்களின் எழுத்தும் முதியவர்கள் படிக்க முடியாத அளவுக்குச் சிறியது.

அடுத்த முறை சிதேக்கியாவுக்கென்று ஐந்தாம் மாலை ஒன்றைச் சேர்த்தால், மீண்டும் பணம் கட்டி என் தகப்பனாரையும் அழைத்துச் செல்வேன்.