முத்துலட்சுமி ரெட்டியைத் தேடிச் சென்ற நூலகப் பிரிவு

ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாழ்க்கையை எழுத முனைபவருக்கு நினைவு மலர்களும் நூற்றாண்டு விழாக் கட்டுரைகளும் எளிதில் கிடைத்துவிடும். அவர் அவையில் எதைக் கேட்டார், எந்த இடத்தில் மறுக்கப்பட்டார் என்பதை அறிய நடவடிக்கைத் தொகுதிகளைத்தான் புரட்ட வேண்டும். சென்னை மாகாணச் சட்டசபையின் அத்தகைய தொகுதிகளை வைத்திருக்கும் பழைய நூலகம் ஒன்றின் ஆய்வுப் பிரிவை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிய கட்டுரைக்காக நான்கு நாள்கள் பயன்படுத்தினேன்.

சேவையின் வேகம் பாராட்டத் தக்கதன்று. சீட்டு எழுதிக் கொடுத்தால் தொகுதி மேசைக்கு வர ஒரு மணி நேரமாகிறது. ஒரு முறைக்கு இரண்டுக்கு மேல் தருவதில்லை. மாலை நான்கு மணிக்குப் பிறகு புதிய சீட்டை வாங்குவதும் இல்லை. தாள்கள் நொறுங்கும் நிலையில் இருப்பதால் நகல் எடுக்க அனுமதியில்லை என்பது நியாயமே. ஆனால் கைப்பேசியில் படமெடுப்பதற்கும் தனியே விண்ணப்பம் எழுத வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லியிருந்தால், பக்கம் பக்கமாகக் கையால் எழுதிய உழைப்பு மிச்சமாகியிருக்கும்.

இவற்றையெல்லாம் மறக்கச் செய்தவர் அங்கிருந்த மூத்த உதவியாளர். பொருளடைவில் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரை மட்டும் தேடிக்கொண்டிருந்த என்னிடம், “அவர் துணைத் தலைவராகவும் இருந்தவர் அல்லவா? பதவிப் பெயரிலும் பாருங்கள்” என்றார். அவைக்குத் தலைமை வகிப்பவரைப் பதவியால் குறிப்பிடும் மரபு எனக்குத் தெரிந்ததுதான். தேடும்போது நினைவுக்கு வரவில்லை. எந்தக் கணினிப் பட்டியலும் இந்தக் குறிப்பைத் தந்திருக்காது.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி தேர்தலில் வென்று அவைக்கு வந்தவர் அல்லர், அரசால் நியமிக்கப்பட்டவர். 1926 தேர்தலில் மங்களூரில் நின்ற விடுதலைப் போராட்ட வீரர் கமலாதேவி சட்டோபாத்யாய் சொற்ப வாக்குகளில் தோற்றதை நினைத்தால், பெண்ணொருவர் உள்ளே நுழைய அன்று நியமனமே நடைமுறை வழியாக இருந்தது எனலாம். நியமனப் பதவி என்றாலே அலங்காரம் என்று கருதுவோர் உண்டு. நானும் ஓரளவு அப்படித்தான் கருதியிருந்தேன். தொகுதிகளைப் படித்தபின் அக்கருத்து நிற்கவில்லை.

தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்ற தீர்மானத்தை 1927இல் கொண்டுவந்தவர், அத்துடன் நின்றுவிடவில்லை. கோயில் பணிக்கென விடப்பட்ட இனாம் நிலமே அப்பெண்களை அம்முறையோடு பிணைத்திருந்தது என்பதால், பணியைக் கைவிட்டாலும் நிலம் அவர்களிடமே தங்கும்படி 1929இல் இந்து அறநிலையச் சட்டத்தில் திருத்தம் நிறைவேறச் செய்தார். முழக்கத்தைவிட நில உரிமையே விடுதலைக்கு வழி என்று கண்ட அந்த நுட்பத்தை மலர்க் கட்டுரைகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் சடங்கான பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை அவர் 1930இல் முன்வைத்தார். காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அதே ஆண்டில் பதவியையும் துறந்தார். அந்தத் தடை சட்டமாக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆதரவற்ற பெண்களுக்கான ஔவை இல்லமும் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் பலரும் அறிந்தவை; அவற்றுக்கு இந்தப் பிரிவைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். குறைத்த ஒன்று சீட்டு முறைக்காக. செல்பவர்கள் படமெடுக்கும் விண்ணப்பத்தை வீட்டிலேயே எழுதிக்கொண்டு, திறந்தவுடன் முதல் சீட்டைக் கொடுத்துவிடுவது நல்லது. நடவடிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சானவை என்பதையும் மனத்தில் கொள்ளவும்.