ஜியோகேச்சிங்: கையில் உழைத்தவையும் பையில் தூங்கியவையும்

யாரோ ஒளித்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் உதவியோடு தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டுதான் ஜியோகேச்சிங். அதைத் தொடங்க என்ன வாங்கவேண்டும் என்று கேட்பவர்களிடம் பென்சில் என்றுதான் சொல்கிறேன். கிண்டல் செய்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். பெட்டியைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் பதிவேட்டில் பெயரெழுதினால்தான் கணக்கு. அந்தத் தாளோ பெரும்பாலும் நமத்துப்போயிருக்கும். பந்துமுனைப் பேனா அதில் வழுக்கும், ஜெல் பேனா மை ஊறிப் பரவும். பென்சில் மட்டும் முரண்டு பிடிக்காமல் எழுதும். பல ஆண்டுகளாகத் தேடி அலைந்த பிறகும் என் பையிலிருந்து நீக்கப்படாத பொருள் எது என்றால் விரல் நீளத்துக்கு வெட்டிய பென்சில் துண்டுதான்.

இந்த விளையாட்டின் முதல் பெட்டியிலேயே பென்சில் இருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நிற்கும் இடத்துக்கும் கருவி காட்டும் இடத்துக்கும் 100 மீட்டர் வரை வேறுபாடு வரலாம். அந்தத் தடை நீங்கிய மறுநாளே, மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் அருகே ஒரு கறுப்பு வாளியைக் காட்டில் வைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிட்டார். வாளிக்குள் பதிவேடு, பென்சில், சில புத்தகங்கள், கவண் போன்றவை இருந்தன. இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன. விதி மட்டும் பெரிதாக மாறவில்லை: ஒன்றை எடுத்தால் ஈடான ஒன்றை வை, பெயரெழுது, இருந்தபடியே மூடிவிட்டுப் போ.

இனி கருவிக்கு வருவோம். கையில் இருக்கும் ஸ்மார்ட்போன் போதும். முதல் சில மாதங்களுக்கு வேறு எதையும் வாங்கவேண்டாம் என்று அடித்துச் சொல்வேன். திறந்தவெளியில் போனின் ஜிபிஎஸ் ஏறக்குறைய ஐந்து மீட்டர் சுற்றளவுக்குள் இடத்தைக் காட்டிவிடும். அதிகாரப்பூர்வ செயலியில் இலவசக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு எல்லாப் பெட்டிகளும் தெரியாது என்றாலும், கை பழகுவதற்குத் தெரிகிறவையே தாராளம். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு சி:ஜியோ என்ற தனிச் செயலியும் உண்டு. அதில் பெட்டி விவரங்களையும் வரைபடத்தையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். மலைச்சரிவில் நின்றுகொண்டு குறிப்பைப் படிக்க நெட்வொர்க் தேடுவதைப்போல் எரிச்சலூட்டுவது வேறில்லை.

புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இந்த விளையாட்டில் இட எண்கள், அதாவது அட்சரேகையும் தீர்க்கரேகையும், டிகிரியும், தசமப் புள்ளியோடு கூடிய நிமிடமுமாகத்தான் எழுதப்படும். வரைபடச் செயலிகள் பலவும் வெறும் தசம டிகிரியில் காட்டும். ஒன்றை மற்றொன்றாக நினைத்து உள்ளிட்டால் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிப்போய் நிற்பீர்கள். நிமிடத்தின் மூன்றாவது தசம இலக்கத்தில் ஓர் எண் மாறினால் வடக்கு தெற்காக 1.85 மீட்டர் நகரும் என்பதை நினைவில் வைத்தால், எந்த இலக்கத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது பிடிபட்டுவிடும்.

துல்லியம் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து மீட்டர் பிழை உங்கள் போனுக்கு மட்டும் உரியதல்ல, பெட்டியை மறைத்தவரின் கருவிக்கும் அதே பிழை இருந்திருக்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சேர்ந்தால் பத்து மீட்டர் ஆகிவிடும். அடர்ந்த மரங்களுக்கு அடியிலும், உயர்ந்த சுவர்களில் சிக்னல் பட்டுத் தெறிக்கும் இடங்களிலும் இன்னும் கூடும். ஆகவே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியானாலும் அது உங்களை ஒரு சிறு வட்டத்துக்குள் கொண்டுவந்து விடும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு உள்ள வேலை கண்ணுக்கும் கைக்கும். இதை ஏற்றுக்கொண்டவர்களுக்குச் செலவு மிச்சம்.

அந்தக் கடைசிப் பத்து மீட்டரில் நான் செய்வது இதுதான். செயலி காட்டும் தூரம் பத்து மீட்டருக்குக் கீழே இறங்கியதும் நடையை நிறுத்தி, எண் ஓரளவு நிலைக்கும் வரை நிற்பேன். நின்ற இடத்தில், பெட்டியின் திசையைக் காட்டும் அம்பு திரையில் சுழன்றுகொண்டே இருந்தால் அதன் பின்னால் ஓடுவதில் பயனில்லை. போனைக் காற்றில் எட்டு வடிவத்தில் சுழற்றினால் திசைகாட்டி சரியாகும். பிறகு இருபது, முப்பது அடி விலகி, வேறு ஒரு பக்கத்திலிருந்து வந்து பார்ப்பேன். இரண்டு மூன்று திசைகளிலிருந்து வரும்போது அம்புகள் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அந்த இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுவிடுவேன். திரையைப் பார்த்துக்கொண்டே தேடுகிறவர்களுக்கு எதுவும் கிடைப்பதில்லை. இயற்கையாக இல்லாத எதையாவது கண் தேடவேண்டும்: அளவுக்கு மீறி ஒழுங்காக அடுக்கிய கற்கள், வேரின் மேல் சாய்த்து வைத்த பட்டைத் துண்டு, எதையும் இறுக்காத ஓர் ஆணி.

தனி ஜிபிஎஸ் கருவி தேவையா? எனக்குத் தேவைப்பட்டது, ஆனால் துல்லியத்துக்காக அல்ல. மழை, குளிர், நாள் நீளம் ஆகிய மூன்றுக்காக. நனைந்த தொடுதிரை விரலுக்கும் மழைத்துளிக்கும் வித்தியாசம் தெரியாமல் தவிக்கும். பொத்தான் வைத்த கருவியைக் கையுறையோடேயே இயக்கலாம். கார்மின் இ-ட்ரெக்ஸ் 22எக்ஸ் போன்றவை இரண்டு ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும் என்று தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். இதன் நீர்த்தாங்கு தரம் ஐபிஎக்ஸ்7, அதாவது ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். பேட்டரி தீர்ந்தால் இன்னொரு ஜோடியைப் போட்டுக்கொண்டு நடக்கலாம், சார்ஜர் தேடவேண்டாம். குளிரில் சாதாரண அல்கலைன் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். லித்தியம் ஏஏ அங்கே நின்று பிடிக்கும்.

குறைகளும் உண்டு. இந்த வகைக் கருவிகளின் திரை சிறியது, வரைபடத்தை நகர்த்துவதற்குள் பொறுமை போய்விடும். கிளம்புவதற்கு முன் கணினியிலோ போனிலோ இருந்து பெட்டி விவரங்களை ஏற்ற வேண்டும். மறைத்தவர் பிற்பாடு இட எண்ணைத் திருத்தியிருந்தால் கருவிக்கு அது தெரியாது. பூங்காவிலும் சாலையோரத்திலும் தேடுவதே உங்கள் வழக்கம் என்றால் இது வீண் செலவு. விடியலில் கிளம்பி இருட்டும்வரை காட்டுப்பாதையில் நடப்பவர் என்றால் வாங்கிய அன்றே அதன் அருமை தெரியும். நான் இப்போது இரண்டையும் எடுத்துச் செல்கிறேன்: படிக்கவும் பதியவும் போன், வழிகாட்டத் தனிக்கருவி.

போனோடு மட்டும் போகிறவர்கள் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கவேண்டும். பேட்டரியைக் குடிப்பது பெரும்பாலும் ஜிபிஎஸ் அல்ல, எரிந்துகொண்டே இருக்கும் திரையும், சிக்னல் இல்லாத இடத்தில் டவரைத் தேடித் துழாவும் ரேடியோவும்தான். ஃபிளைட் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும். நெட்வொர்க் இருக்கும்போது செயற்கைக்கோள்களின் விவரத்தைப் போன் இணையத்திலிருந்து உடனே எடுத்துக்கொள்கிறது. இல்லாதபோது அதை வானத்திலிருந்தே கேட்டு வாங்கவேண்டும். ஒரு செயற்கைக்கோளின் பாதை விவரம் முழுதாக வந்து சேரவே அரை நிமிடம் வரை ஆகும், முழுப் பட்டியலுக்குப் பன்னிரண்டரை நிமிடம். எனவே நெட்வொர்க் உள்ள இடத்திலேயே ஒருமுறை இருப்பிடத்தைப் பிடிக்கவிட்டு, அதன்பின் ஃபிளைட் மோடுக்கு மாறுவது நல்லது. பத்தாயிரம் மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் ஒன்று ஒரு நாள் தேடலுக்குப் போதுமானது. பேட்டரியை விடக் கேபிள்தான் முதலில் சாகும், மாற்றுக் கேபிள் ஒன்று இருக்கட்டும்.

சிறு கருவிகளில் என் ஓட்டு முடி பிடுங்கும் இடுக்கிக்கு. நானோ என்று அழைக்கப்படும் பெட்டி சுண்டுவிரல் நுனி அளவுதான். அடியில் காந்தம், மேலே திருகுமூடி. மூடிக்குள் தீக்குச்சியைவிடச் சற்றே தடிப்பான காகிதச் சுருள் இறுக்கமாகப் பொருந்தியிருக்கும். நகத்தால் நோண்டினால் ஓரம் கிழியும். இடுக்கியால் சுருளின் மையத்தைப் பிடித்து மெல்லத் திருகி இழுத்தால் முழுதாக வரும். எழுதிய பிறகுதான் உண்மையான சோதனை. முதலில் இருந்ததைவிடக் கொஞ்சம் தளர்வாகச் சுருட்டினாலும் மூடி ஏறாது. காகிதத்தின் ஒரு முனையை இடுக்கியின் இரு கால்களுக்கு இடையே கவ்வி, இடுக்கியையே அச்சாக வைத்துச் சுருட்டி, மூடிக்குள் நுழைத்துவிட்டுக் கால்களை உருவவேண்டும். காற்றடிக்கும் நாளில் இதை நின்றுகொண்டு செய்யாதீர்கள். சுருளோ மூடியோ பறந்தால் புல்லில் தேடுவதற்கு அதற்குத் தனியாக ஒரு ஜிபிஎஸ் வேண்டும்.

அடுத்த இடம் டார்ச்சுக்கு, அதுவும் பகலில். மரப்பொந்து, பாலத்தின் அடிப்பக்கம், இருக்கையின் கீழே உள்ள இரும்புச் சட்டம் எல்லாமே நண்பகலிலும் இருட்டாகத்தான் இருக்கும். ஒளியை நேராகப் பாய்ச்சாமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் சின்னப் புடைப்புகூட நிழல் விழுத்தித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பொந்துக்குள் கை விடுமுன் வெளிச்சமும், அடுத்து ஒரு குச்சியும் போகவேண்டும். கை கடைசி. நல்ல கையுறை ஒரு ஜோடி இருந்தால் முள்ளுக்கும் துருவுக்கும் பாதுகாப்பு.

காலணிக்குச் செலவழிப்பதில் கணக்குப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் தேடல் கடினம், நிலப்பரப்பு என்று இரண்டு மதிப்பெண்கள் உண்டு, ஒன்றிலிருந்து ஐந்துவரை, அரை அரையாக. நிலப்பரப்பு ஒன்று என்றால் சக்கர நாற்காலியிலேயே அணுகலாம். ஐந்து என்றால் படகோ மலையேறும் கயிறோ போன்ற தனி உபகரணம் வேண்டும். தொடக்கத்தில் இரண்டும் இரண்டைத் தாண்டாத, நானோ அல்லாத பெட்டிகளைத் தேர்ந்தெடுங்கள். கடைசியாக வந்து போனவர்களின் பதிவுகளையும் படியுங்கள். வரிசையாக மூன்று நான்கு பேர் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் பெட்டி அங்கே இல்லாமலே இருக்கலாம். இந்தச் சின்ன வாசிப்பு மிச்சப்படுத்தும் நேரத்தை எந்தக் கருவியும் மிச்சப்படுத்தாது.

பையில் தூங்கியவை? நீளும் கைப்பிடி கொண்ட கண்ணாடியை எப்போதாவதுதான் எடுத்தேன். போன் கேமராவை நீட்டிப் படமெடுத்தாலே அந்த வேலை முடிந்துவிடுகிறது. புற ஊதா டார்ச், இருட்டில் தேடவேண்டிய இரவுப் பெட்டிகளுக்கும் மறைமை எழுத்துகளுக்கும் மட்டும் உதவும். வாங்குவதானால் 365 நானோமீட்டரைக் கேட்டு வாங்குங்கள், 395இல் ஊதா வெளிச்சமே மிகுந்து மின்னுவதை மறைத்துவிடும். தொடக்கநிலைத் தொகுப்பு என்ற பெயரில் விற்பதைத் தவிர்க்கலாம். அதில் பாதி பொருள் வீட்டு மேசை இழுப்பறையிலேயே இருக்கும். மாற்றுக்கு வைக்கும் சிறு பொம்மைகள் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மட்டும் அவசியம். உணவும் கத்தியும் எந்தப் பெட்டிக்குள்ளும் போகக்கூடாது. எண் பொறித்த உலோகத் தகடு கிடைத்தால் அது பரிசுப்பொருள் அல்ல, பயணி. எடுத்தால் அடுத்த பெட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும்.

கொஞ்ச நாளில் நீங்களும் ஒன்றை மறைக்க ஆசைப்படுவீர்கள். அப்போதுதான் பணத்தைச் சரியான இடத்தில் போடவேண்டும்: பெட்டியில். நான்கு பக்கமும் கொக்கி போட்டு இறுக்கும், ரப்பர் வளையம் வைத்த டப்பாவோ, பழைய ராணுவத் தோட்டாப் பெட்டியோ மழையைத் தாங்கும். ஒட்டுநாடாவில் மூடிய மலிவு டப்பா முதல் மழையிலேயே பதிவேட்டைக் கூழாக்கிவிடும். மண்ணைத் தோண்டிப் புதைக்க அனுமதியில்லை, நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும், அருகிலுள்ள வேறொரு பெட்டியிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும். இட எண்ணை ஒரே தடவையில் குறித்துவிடாமல் வேறு வேறு நாட்களில் போய் எடுத்துச் சராசரி காணுங்கள். உள்ளே வைக்கும் பென்சிலைச் சீவியே வையுங்கள், சீவுகருவியோடு காட்டுக்கு வருகிறவர் யாருமில்லை.