ட்ரெய்லர் இழுக்க எந்த எஸ்யூவி? டாஹோ, சபர்பன், எக்ஸ்பெடிஷன், பைலட், ரிவியன்

முகாமுக்குப் போகும்போது வண்டியின் பின்னால் மாட்டும் ட்ரெய்லரை இழுக்க எஸ்யூவி தேடுபவர் கண்ணில் முதலில் படுவது, விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் இழுவை எண், அதாவது வண்டி இழுக்கக்கூடிய உச்ச எடை. ஃபோர்டு எக்ஸ்பெடிஷன் 9,300 பவுண்டு (சுமார் 4,200 கிலோ), செவ்ரோலே டாஹோ 8,400 (3,800 கிலோ), மின்சார வண்டியான ரிவியன் ஆர்1எஸ் 7,700 (3,490 கிலோ), ஹோண்டா பைலட் 5,000 (2,270 கிலோ). எல்லாம் 2021-24 காலத்து மாடல்களின் உச்ச அளவு. எண் பெரிதாக இருப்பதை வாங்கினால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் குடும்பத்தோடு கிளம்பும்போது அந்த எண்ணை எட்டுவதற்கு வெகு முன்பே இன்னொன்று தீர்ந்துவிடும்: பேலோட், அதாவது வண்டி தன் முதுகில் சுமக்கக்கூடிய எடை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலியாக 2,100 கிலோ என்று விற்கப்படும் ட்ரெய்லரில் தண்ணீர், கேஸ் சிலிண்டர், பேட்டரி, பாத்திரம், படுக்கை எல்லாம் ஏறியதும் 2,500 கிலோ ஆகிவிடும். அதில் 10 முதல் 15 சதவீதம் வரை ஹிட்ச் பந்தின் (ட்ரெய்லரை வண்டியோடு இணைக்கும் உருண்டையின்) மேல் அழுத்த வேண்டும். குறைந்தால் ட்ரெய்லர் ஆடும். 13 சதவீதம் என்றால் 325 கிலோ. அது முழுக்க வண்டியின் பேலோடிலிருந்து கழியும். ஐந்து பேர் 320 கிலோ, ஹிட்ச் கருவி 40, பைகள் 60. மொத்தம் 745. வண்டியின் பேலோட் 700 கிலோவாக இருந்தால் ஏற்கெனவே வரம்பு தாண்டியாயிற்று. இழுவை எண்ணோ இன்னும் 1,300 கிலோ மிச்சம் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

இழுவை எண் பொய் என்று சொல்லவில்லை. எஸ்ஏஇ (அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம்) வகுத்த ஜே2807 என்ற தர அளவீட்டின்படி, அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தில் ஏசியை முழுதாக ஓடவிட்டு, வேகம் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்காமல் ஏறுகிறதா என்று பார்க்கிறார்கள். எஞ்சினுக்கும் குளிர்விக்கும் அமைப்புக்கும் அது நல்ல சோதனைதான். ஆனால் வண்டிக்குள் இருப்பதாக அவர்கள் வைத்துக்கொள்வது தலா 68 கிலோவில் இரண்டு பேர்.

இதைப் புரிந்துகொண்டால் டாஹோவா சபர்பனா என்ற கேள்விக்கு எதிர்பாராத பதில் கிடைக்கும். இரண்டும் ஒரே குடும்பம், சபர்பன் நீளமானது. இழுவை எண்ணில் டாஹோ 8,400, சபர்பன் 8,300. காகிதத்தில் டாஹோதான் மேல். ஆனால் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரம், டாஹோவுக்கு 3,071 மில்லிமீட்டர், சபர்பனுக்கு 3,406. பெரிய லாரி பக்கத்தில் கடந்துபோகும்போது அது தள்ளும் காற்று ட்ரெய்லரை அசைக்கும். அந்த அசைவு பின்பக்கத்தின் வழியாக வண்டியின் மூக்கைத் திருப்பப் பார்க்கும். வீல்பேஸ் நீண்டால் அந்த நெம்புகோல் பலம் இழக்கும். இழுப்பவர்களிடையே ஒரு பழைய கைக்கணக்கு உண்டு: 110 அங்குல வீல்பேஸுக்கு 20 அடி ட்ரெய்லர், அதற்கு மேல் ஒவ்வொரு 4 அங்குலத்துக்கும் ஓர் அடி. அறிவியல் விதி கிடையாது, ஆனாலும் நல்ல வழிகாட்டி. அதன்படி டாஹோவுக்கு சுமார் 22, 23 அடி, சபர்பனுக்கு 26. என்னைக் கேட்டால் அந்த 100 பவுண்டை விட்டுக்கொடுத்துவிட்டு சபர்பன் பக்கம் போவேன்.

அதே கடையில் இன்னொரு முரண்: டாஹோவின் 3.0 லிட்டர் டீசல் எஞ்சினுக்கு இழுவை எண் 8,200தான், 5.3 லிட்டர் பெட்ரோல் வி8-ஐ விடக் குறைவு. ஆனால் டீசலின் டார்க் (எஞ்சினின் சுழற்று விசை) 460 பவுண்டு-அடி, பெட்ரோலுக்கு 383. மலை ஏற்றத்தில் எது கத்தாமல் ஏறும் என்று யோசிக்கவே வேண்டாம்.

எக்ஸ்பெடிஷனின் 9,300-க்கு ஒரு நிபந்தனை உண்டு: ஹெவி டியூட்டி ட்ரெய்லர் பேக்கேஜ் இருக்க வேண்டும். கனரக ரேடியேட்டரும், ட்ரெய்லரின் பிரேக்கை வண்டியிலிருந்தே இயக்கும் பிரேக் கன்ட்ரோலரும் அதில்தான் வருகின்றன. பழைய வண்டி வாங்கும்போது விற்பவர் "எக்ஸ்பெடிஷன்தானே, இழுக்கும்" என்பார். பேக்கேஜ் இல்லாவிட்டால் எண் ஆயிரக்கணக்கில் சரிந்துவிடும். நீள வடிவமான மேக்ஸ் கிடைத்தால், சபர்பனுக்குச் சொன்னதே இதற்கும்.

பைலட்டைச் சிலர் எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள், அது நியாயமில்லை. ஏற்றிய பிறகும் 1,500 கிலோவுக்குள் நிற்கும் சிறிய ட்ரெய்லர், இரண்டு மூன்று பேர் என்றால் அது தாராளமாகப் போதும். மற்ற நாட்களில் ஓட்டவும் சுகம். ஆனால் 5,000 பவுண்டு, நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் ஆல்-வீல் டிரைவுக்கு மட்டும்தான். டூ-வீல் டிரைவ் என்றால் 3,500 பவுண்டு, அதாவது 1,590 கிலோ. தோற்றத்தில் வித்தியாசமே தெரியாது.

ரிவியன் இழுக்கும் விதத்தில் யாரும் குறை சொல்ல முடியாது: டார்க் உடனே வரும், இறக்கத்தில் ரீஜென் பிரேக்கிங் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புவது) வேகத்தைப் பிடித்துவைக்கும். சிக்கல் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம். பெட்டி போன்ற ட்ரெய்லர் பின்னால் வந்தால் ரேஞ்ச் ஏறக்குறைய பாதியாகும். அப்புறம் பல சார்ஜிங் நிலையங்களில் ட்ரெய்லரோடு உள்ளே நுழைய இடம் இருக்காது. கழற்றி ஓரமாக விட்டுவிட்டு சார்ஜ் போட வேண்டும். ஒரே சார்ஜில் போய்ச் சேரக்கூடிய முகாம் என்றால் சரி, நீண்ட பயணத்துக்கு இப்போதைக்கு நான் சொல்லமாட்டேன்.

எதை முடிவு செய்தாலும், பணம் கட்டும் முன் ஓட்டுநர் கதவைத் திறந்து தூணில் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு ஏறலாம் என்று அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கே உரிய எடை அதில் இருக்கும். சன்ரூஃப், பெரிய சக்கரம் என்று வசதிகள் கூடக்கூட அது குறையும். ஒரே மாடலின் அடிப்படை வகை, உயர்ந்த வகையைவிட அதிகம் சுமப்பது இதனால்தான். எடையைப் பகிரும் ஹிட்ச் போட்டால் இந்த வரம்பு உயரும் என்று சிலர் நம்புகிறார்கள். உயராது. முன் சக்கரங்கள் இழந்த பாரத்தை அது திரும்பக் கொடுக்கும், கொஞ்சத்தை ட்ரெய்லர் அச்சுக்குத் தள்ளும், அவ்வளவுதான். வாங்கியதும் முழுச் சுமையோடு ஒரு முறை எடைமேடையில் ஏற்றி, ஒவ்வொரு அச்சின் எடையையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பின் அச்சின் வரம்புதான் பெரும்பாலும் முதலில் இடிக்கும்.